சூயாவுக்குத் தேங்காய்ப்பால் விட்டவள்

நானும் அவளும் ஒன்பது வருடங்களாக ஒரே படுக்கை விரிப்பின் இரண்டு பக்கங்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. அதுதான் எங்கள் வேலை. மொன்றியல் ஹோட்டல்களின் அழுக்குத் துணி எங்கள் சலவைக்கூடத்துக்கு லொறி லொறியாக வரும். தோய்த்து வந்த விரிப்பை வலப்பக்கம் நான் பிடிக்க, இடப்பக்கம் அவள் பிடிக்க, இருவரும் ஒரே நேரத்தில் அதை இஸ்திரி இயந்திரத்தின் வாய்க்குள் விடவேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணிக்கொண்டு போகும், மேற்பார்வையாளன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவான். ஆகவே எங்களுக்குள் ஒற்றுமை கட்டாயம். சம்பளம் தருவது அதற்கும் சேர்த்துத்தான்.

அவள் நைஜீரியாவின் வடக்குப் பக்கத்துக்காரி, முஸ்லிம். நான் யாழ்ப்பாணத்து வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கம். அவளுக்குப் பிரெஞ்சு அரைகுறை, எனக்கு ஆங்கிலம் அரைகுறை. இரண்டு அரைகுறையையும் கூட்டினால் ஒரு முழு மொழி வரும் என்று நினைப்பீர்கள், வராது. இருந்தாலும் ஒன்பது வருடத்தில் நாங்கள் கதைத்த கதைக்குக் கணக்கில்லை. அவள் சொன்னதையெல்லாம் இங்கே யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதுகிறேன். என் காதுக்குள் அது அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். வெளியே வளைந்து போகும் இரும்புப் படிக்கட்டு முழுக்க உறைபனி. அதில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறி வந்திருந்தாள், ஏனென்றால் இரண்டு கையாலும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"சூயா," என்றாள். "மாட்டிறைச்சி. சூட்டோடை ஒரு துண்டு சாப்பிட்டுப் பாரும்."

"பேந்து ஆறுதலாச் சாப்பிடுறன். முதல் உள்ளை வாரும், தேத்தண்ணி போடுறன்."

வந்தாள். தேத்தண்ணீர் குடித்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். பெட்டியைத் திரும்பக் கேட்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, "திங்கட்கிழமை கழுவிக் கொண்டு வாறன்" என்று சொன்னேன். அவள் எழுந்து சப்பாத்தைப் போட்டாள்.

சூயா என்பது மெல்லிசாக வெட்டிய மாட்டிறைச்சியைக் குச்சியில் கோத்து, கச்சானும் மிளகாயும் வேர்க்கொம்பும் சேர்த்த ஒரு தூளைப் பூசி, நெருப்பில் வாட்டி எடுப்பது. கச்சான் என்றால் உங்களில் சிலர் சொல்லும் நிலக்கடலை, வேர்க்கொம்பு என்றால் சுக்கு. இதையெல்லாம் இப்போது பெரிய பண்டிதர் மாதிரிச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மூடியைத் திறந்தால் குச்சிகளில் வறண்டுபோன இறைச்சி, ஓரம் கருகி, மேலே ஏதோ புழுதி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. குழம்பு என்று ஒரு சொட்டு இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்குக் குழம்பு இல்லாத இறைச்சி என்றால் அது இன்னும் சமைத்து முடியாத இறைச்சி.

எனக்குக் கை துருதுருவென்றது. இறைச்சியைக் குச்சிகளிலிருந்து உருவினேன். வெங்காயத்தை வதக்கினேன், கறிவேப்பிலையைப் போட்டேன், எங்கள் வறுத்த கறித்தூளில் மூன்று கரண்டி போட்டேன். கடைசியில் தகரத் தேங்காய்ப்பாலைத் திறந்து தாராளமாக விட்டேன். முக்கால் மணித்தியாலத்தில் வீடு முழுக்க மணந்தது. என் கணவர் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இஞ்சேரும், இந்த இறைச்சி எந்தக் கடை?" என்று கேட்டார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்போம். திங்கட்கிழமை விடிய அவளுடைய பெட்டியைக் கழுவித் துடைத்தேன். போடுவதற்கு வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. மீந்திருந்த கறியை வழித்துப் போட்டு மூடினேன். அவளுடைய இறைச்சியை அவளுக்கே கறியாகக் கொடுக்கிறோமே என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது, ஆனால் பெருமையாக வந்தது. எவ்வளவு நல்லாக்கியிருக்கிறேன், பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவள் பெட்டியைத் திறந்து, தன் சோற்றில் கொஞ்சம் விட்டு, ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். ஒரு துண்டை விரலால் எடுத்து, குழம்பைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்ரை இறைச்சியோ?"

"ஓம்," என்றேன். பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடும்.

பெட்டியை மூடினாள். எழுந்து போய் அடுத்த மேசையில் இருந்தாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

மனிதர் கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருப்பது பெரிய விசயம் இல்லை. எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள். ஆனால் கதைக்காத ஒருத்தியோடு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான விரிப்புகளைச் சேர்ந்து பிடிப்பது வேறு வேலை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் விரிப்பின் நடுவைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். ஒரு விரிப்பும் கோணவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கோணியிருந்தால் அந்தச் சாட்டிலாவது சண்டை பிடித்திருக்கலாம்.

மூன்றாவது கிழமை மேற்பார்வையாளன் என்னிடம் வந்து, வருகிற மாதத்திலிருந்து எனக்குப் புதிய ஆள் தரப்போவதாகச் சொன்னான். அவள் துவாய்ப் பகுதிக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். குளியலறைத் துவாய் மடிக்க இரண்டு பேர் தேவையில்லை, ஒருத்தி போதும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு இந்த ஊரில் சொந்தம் நிறைய, கோயிலில் கைகுலுக்குகிறவர்கள் அதைவிட நிறைய. ஆனால் சிநேகிதி என்று இருந்தவள் அவள் ஒருத்திதான். என் வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தபோது சொந்தங்கள் பழக்கூடை அனுப்பினார்கள். அவள் வந்து என் காலுக்குக் காலுறை போட்டுவிட்டாள், குனிய முடியாதவளுக்கு அதுதான் தேவை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படிப்பட்டவளைத் தேங்காய்ப்பாலில் தொலைத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டேன். பிரெஞ்சில் ஒருதரம், ஆங்கிலத்தில் ஒருதரம். அவள் தலையை ஆட்டிவிட்டு விரிப்பின் நடுவைப் பார்த்தாள். வாயால் கேட்ட மன்னிப்பு எடுபடாது என்று விளங்கியது. சூயாவைச் சூயாவாகவே என் கையால் செய்து கொடுப்பது என்று முடிவு பண்ணினேன்.

ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட ஒரு ஹலால் இறைச்சிக்கடையில் மாட்டிறைச்சி வாங்கினேன். எங்கள் வீட்டில் பன்றிக் கொத்துக்கறி பட்ட தட்டுகள் இருக்கின்றன, அவளுக்கு அது ஆகாது, ஆகவே புதிதாக ஒரு தட்டும் கத்தியும் வாங்கினேன். ஆபிரிக்கச் சாமான் கடையில் கேட்டபோது, கடைக்காரர் சூயாத் தூளைப் பொட்டலமாக எடுத்து நீட்டினார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கறித்தூளைக்கூடக் கடையில் வாங்காத வம்சம் நாங்கள். "வேண்டாம், நானே இடிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, அதில் போடும், மிளகு மாதிரி உறைக்கும் ஒரு கறுத்த நெற்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். வாய்க்கொழுப்பு என்று என் கணவர் சொல்வது இதைத்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கச்சானை வறுத்து, தோல் ஊதி, கிரைண்டரில் போட்டு, எங்கள் வழக்கப்படி நன்றாக அரைபடட்டும் என்று விட்டேன். திறந்து பார்த்தால் கச்சான் வெண்ணெய். என் கணவர் அதைப் பாணில் பூசிச் சாப்பிட்டார். திரும்ப வறுத்தேன். இந்தமுறை விட்டு விட்டு, கொரகொரவென்று அரைத்தேன். அதிலிருந்து எண்ணெயைப் பிழிந்து எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தூள் உதிராது என்று காணொளியில் ஒரு பெடியன் சொன்னான். வேலையிடத்தில் கழித்துவிட்ட ஒரு தலையணை உறையைக் கொண்டு வந்து, அதற்குள் கச்சானைப் போட்டுச் சுருட்டி, இரண்டு வெட்டுப் பலகைகளுக்கு நடுவே வைத்து, கதிரையில் வைத்தேன். மேலே பாரம் வைக்க வேண்டும்.

"இதிலை இருந்து ஹொக்கி பாருங்கோ," என்றேன்.

என் கணவர் நாற்பது வருடத்தில் என்னிடம் பல வேலைகளுக்கு ஆளானவர். போய்ப் பலகைக்கு மேலே இருந்தார். அவருடைய அணி தோற்கும்போதெல்லாம் அவர் துள்ளித் துள்ளி விழுந்ததில் எண்ணெய் நன்றாகவே இறங்கியது.

இறைச்சியில்தான் மாட்டிக்கொண்டேன். இறைச்சியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசாமல் சமைப்பது எங்கள் வீட்டில் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டிய குற்றம். அலசினேன். ஈரமான இறைச்சியில் தூள் பிடிக்குமா? சேறாகி வழிந்து ஓவன் தட்டில் கிடந்தது. பின் பல்கனியில் எங்கள் பார்பிக்யூ பனிக்குள் புதைந்து, கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தபடி இருந்தது, அதனால் ஓவன்தான் கதி. மேல் நெருப்பைக் கூட்டி வைத்ததும் சேறு எரிந்து புகை எச்சரிக்கை அலறத் தொடங்கியது. என் கணவர் துவாயை வீசிக்கொண்டு ஓடினார். துவாயைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அவர் புகை என்று நினைத்தார்.

அடுத்த ஞாயிறு மனதைக் கல்லாக்கிக்கொண்டு இறைச்சியைக் கழுவாமல், ஒற்றித் துடைத்தேன். ஃபிரீசரில் அரைவாசி இறுகவிட்டு, நாருக்குக் குறுக்கே, கடுதாசி மாதிரி வெட்டினேன். தூளைக் கலக்கும்போது கை தன்பாட்டில் கறித்தூள் போத்தலுக்குப் போனது. ஒரு கரண்டி போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்குள் ஒருத்தி கேட்டாள். அவள்தான் போனமுறை கறி வைத்தவள். "இந்தப் போத்தலைக் கொண்டு போய் எங்கையாவது ஒளிச்சு வையுங்கோ" என்று கணவரிடம் கொடுத்தேன். அன்று சுட்ட குச்சிகள் படத்தில் கண்ட மாதிரி வந்தன. இனி அவளைக் கூப்பிடவேண்டும். அவள் துவாய்க்குப் போக ஒரு கிழமைதான் இருந்தது.

புதன்கிழமை இயந்திரத்துக்கு முன்னால் ஒரு பெரிய விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் தன் பக்கத்தை உள்ளே விடத் தயாரானாள். நான் என் பக்கத்தை விடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு வீட்டை வாரும்."

அவள் விரிப்பின் நடுவைப் பார்த்தாள். பின்னால் விரிப்புகள் குவிந்தன. மேற்பார்வையாளன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எழுந்தான்.

"விடும்," என்றாள்.

"வாறன் எண்டு சொல்லும், விடுறன்."

"அவன் வாறான்."

"வரட்டும்."

"வாறன். விடும்."

விட்டேன். ஒன்பது வருடத்தில் நாங்கள் கோணலாக அனுப்பிய விரிப்புகளில் அதுதான் ஆகக் கோணல்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள், குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. நான் வெங்காயமும் தக்காளியும் வெட்டி வைத்து, குச்சிகளைச் சுடச்சுடக் கொண்டு வந்து முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்து, பல்லால் ஒரு துண்டை இழுத்து, நெடுநேரம் மென்றாள்.

"கச்சான் கூடிப்போச்சு," என்றாள். "உறைப்புக் காணாது."

யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தியின் வீட்டில் இருந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்து உறைப்புப் போதாது என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு வேலையிடத்துக்கு வெளியே நாலு சொல் என்னோடு கதைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

"அந்தக் கறிக்கு ஏன் அவ்வளவு கோவம்?" என்று கேட்டேன். "நான் செய்தது விசர் வேலைதான். ஆனா ஒரு கறிதானே."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"எங்கடை ஊரிலை சூயா ஆம்பிளையள் சுடுறது. றோட்டுக் கரையிலை நிண்டு சுடுவினம். பொம்பிளையள் வாங்கிச் சாப்பிடுவம், அவ்வளவுதான். பொம்பிளை அந்த நெருப்புக்குக் கிட்டப் போனா சிரிப்பினம். இஞ்சையும் என்ரை அண்ணைதான் சுடுறவர். அவர் வேலைக்குக் கல்கரிக்குப் போட்டார். சுட்டுத் தர ஆள் இல்லை. ஒரு கிழமையா யோசிச்சுப் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு நானே சுட்டனான். ஐம்பத்திரண்டு வயசிலை முதல் முதல். சரியா வந்திருக்கோ எண்டு எனக்குத் தெரியேல்லை. சொல்லுறதுக்கு ஒருத்தர் வேணும். அதுதான் சூட்டோடை உம்மட்டைக் கொண்டு ஓடி வந்தனான்."

நான் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பியது ஞாபகம் வந்தது. அவள் பெட்டியைப் பார்த்ததும், என்னைப் பார்த்ததும்.

"அது எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள். "கறி வைக்க முதல் ஒரு துண்டு சாப்பிட்டுப் பாத்திருப்பீர்தானே."

"அருமையா இருந்தது," என்றார் என் கணவர், குசினி வாசலில் நின்றபடி. அவர் அந்தச் சூயாவைக் குச்சியோடு கண்டதே இல்லை. என்னைக் காப்பாற்றுகிறாராம்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். துவாயும் முடிந்துவிடும். எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. ஆனால் அவள் இந்தப் பதிலுக்காக ஒரு மாதம் காத்திருந்தவள், அவளுக்குப் பொய்யைக் கொடுக்க மனம் வரவில்லை.

"அவர் பொய் சொல்லுறார்," என்றேன். "நான் ஒரு துண்டும் வாயிலை வைக்கேல்லை. மூடியைத் திறந்த உடனை, பாவம், இவளுக்குச் சமைக்கத் தெரியாது எண்டு நினைச்சுப் போட்டன். அதுதான் நான் திருத்தினனான்."

ஒன்பது வருட சிநேகிதியைப் பற்றி நான் நினைத்தது அதுதான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலம் என்று எனக்கே கேட்டது. என் கணவர் குசினிக்குள் போய்விட்டார். அவள் கீழே வைத்த குச்சியைத் திரும்ப எடுத்துச் சாப்பிட்டு முடித்தாள், அதில் ஒன்றையும் மிச்சம் விடவில்லை. பிறகு எழுந்து, சப்பாத்தைப் போட்டு, படிகளில் மெதுவாக இறங்கிப் போனாள். நான் யன்னல் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் துவாய்ப் பகுதிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த புதிய பெண் நல்ல பிள்ளை, கை மட்டும் என் கையைவிட வேகம். காலையிலிருந்து எல்லாம் கோணல். தூரத்தில் அவள் தனியே நின்று துவாய் மடிப்பது தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கப் போகும்போது எனக்கு முன்னால் ஒரு தட்டு வந்து விழுந்தது. மூன்று குச்சி. மைக்ரோவேவிலிருந்து எடுத்த சூடு. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சாப்பிடும். எனக்கு முன்னாலை."

சாப்பிட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் கச்சான் வந்தது, பிறகு வேர்க்கொம்பு. உறைப்பு அவசரப்படாமல் கடைசியில் வந்து தொண்டையைப் பிடித்தது. இதற்குள்ளா நான் தேங்காய்ப்பாலை விட்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"உப்புக் கொஞ்சம் கூடிப் போச்சு," என்றேன்.

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை. நல்லாயிருக்கு. இதைப் போய்க் கறி வைச்சவளுக்கு விசர்."

"அது எனக்கு முதலே தெரியும்," என்றாள். கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு போனை எடுத்து யாரையோ அழைத்து, தன் மொழியில் இரண்டு வார்த்தை சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு என் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"கல்கரி. அண்ணை. இப்ப சொன்னதை அவருக்குச் சொல்லும்."

முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். சூயாவில் உப்புக் கொஞ்சம் கூட, மற்றப்படி நல்லாயிருக்கு, மூன்று குச்சியில் இரண்டு முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

"ஆர் சுட்டது?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கடை தங்கச்சிதான்," என்றேன். "அவதான் சுட்டவ."